காடே மதில்

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் போகும் சாலையில் மாந்தோப்புகள் முடிகிற இடத்தில் நின்று மேற்கே பாருங்கள். மலை சரிந்து ஏறுவதில்லை, சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. இந்த அடிவாரத்தில் பேச்சுக் கொடுத்தால், காட்டுக்குள் ஒரு பழைய கோட்டை உண்டு என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். கோட்டை வந்தால் புதையல் வரும், பின்னாலேயே சுரங்கமும் வரும்.

பெயரிலேயே கோட்டையைச் சுமக்கும் மலையும் இருக்கிறது. கேரள எல்லையில் 2,019 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோட்டைமலை, பெரியாறு புலிகள் காப்பகத்தின் மிக உயர்ந்த சிகரம். ஆனால் பெயரை வைத்துக்கொண்டு மனக்கோட்டை கட்டிவிடக் கூடாது. மதில்போல நிற்கிற பாறைக்கும் நம் ஆட்கள் கோட்டை என்றுதான் பெயர் வைப்பார்கள்.

கோட்டை என்றதும் செஞ்சியையும் திண்டுக்கல்லையும் நினைத்துக்கொண்டு இங்கே கருங்கல் மதில் தேடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. திருக்குறளின் 'அரண்' அதிகாரம் நீர், வெட்டவெளி, மலை ஆகியவற்றோடு நிழல் அடர்ந்த காட்டையும் அரண் என்றே எண்ணுகிறது. மேற்குப் பாளையங்கள் காட்டை அப்படித்தான் ஆண்டன. ஊரில் ஒரு மண்கோட்டை, அது விழுந்தால் ஒதுங்க மலையடியில் ஒரு கோம்பை.

கோம்பை என்றால் ராஜபாளையத்துக்காரர்களுக்கு நாய்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது இடம். மூன்று பக்கமும் மலை சூழ்ந்து, வாய் மட்டும் சமவெளியைப் பார்த்துத் திறந்திருக்கும் பள்ளத்தாக்கு. வாயை அடைத்துவிட்டால் அது கோட்டை.

அப்படியொரு கோட்டையை எதிரியே எழுதி வைத்திருக்கிறான். ராஜபாளையத்துக்குத் தெற்கே சிவகிரி. 1783 ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கையோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் வில்லியம் ஃபுல்லர்ட்டன் படையை இந்தப் பக்கம் திருப்பினார். பாளையக்காரர்கள் ஊரைக் காலிசெய்து கோம்பைக்குள் போய்விட்டார்கள். வாயில் மண்கரை எழுப்பித் தடுப்பு, இரு பக்கமும் மலை வரைக்கும் முள்ளும் மரமும் பின்னிய காடு. நேராக மோதினால் கதை கந்தல் என்று ஃபுல்லர்ட்டனுக்குத் தெரிந்துவிட்டது. பக்கவாட்டில் காட்டையே வெட்டிப் பாதை போடச் சொன்னார், ஏறக்குறைய மூன்று மைல். வெட்ட வெட்ட, சுமார் எட்டாயிரம் பேர் மரங்களுக்குள்ளிருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள் என்கிறார். பாய்ந்து வந்து, பீரங்கி இழுத்த மாடுகளை ஈட்டியால் குத்திச் சாய்த்தார்களாம். அவர் எழுதியதில் எனக்கு மறக்காத வரி இதுதான். மாடு விழுந்தால் பீரங்கி வெறும் இரும்பு என்பதைத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பொழுது சாய்வதற்குள் பாதை மலையைத் தொட்டது. செங்குத்துப் பாறையில் சிப்பாய்கள் ஏறி, மறுபக்கம் இறங்கி, தடுப்பின் முதுகில் விழுந்தார்கள். கோம்பை விழுந்தது, பேச்சுவார்த்தை தொடங்கியது. 1787-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இவ்வளவும் இருக்கிறது. ஜெயித்தவன் எழுதியது என்பதை மறக்காமல் படிக்கவேண்டும். ஆனாலும், காட்டை ஜெயிக்கப் பட்ட பாட்டை அவர் மறைக்கவில்லை.

ஊருக்குள் இருந்த மண்கோட்டைகளையும் லேசாக எடைபோட வேண்டாம். 1767-ல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்ட கம்பெனித் தளபதி கேம்ப்பெல், உள்ளே இருந்தவர்களின் துணிச்சலைக் கண்டு அசந்துபோனார். குண்டு பாய்ந்து விழுந்த உடைப்பை, சாவுக்கு அஞ்சாமல் பனந்தடியும் வைக்கோலும் திணித்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கொட்டுகிற மழையில் இரவோடு இரவாக வெளியேறினார்கள். எங்கே போயிருப்பார்கள்? மலை பக்கத்தில்தானே.

1801 டிசம்பரில் கம்பெனி போட்ட பிரகடனம் ஆயுதத்தையும் கோட்டையையும் சேர்த்தே தடைசெய்தது. 1803 நிரந்தரத் தீர்வைக்குப் பிறகு சிவகிரி, சேத்தூர் பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள், வேலுக்குப் பதில் வரிக்கணக்கு. கல்கோட்டையை இடித்தால் அடித்தளமாவது மிஞ்சும். மண்கோட்டை நாலு மழையில் மேடாகும், பிறகு மேடும் உழவுக்குப் போய்விடும். காட்டு அரணுக்கு இடிக்க ஒன்றுமே இல்லை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்த பிறகு, வனத்துறை அனுமதி இல்லாமல் இந்தக் காடுகளுக்குள் கால் வைக்கமுடியாது. பழைய கோம்பைகளுக்கு மறுபடியும் காவல் போட்ட மாதிரிதான்.

பாளையங்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த அடிவாரத்தைப் பாண்டியர்கள் ஆண்டார்கள். அவர்கள் கதையைச் சொல்ல, ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரத்தில் கிடைத்த செப்பேடுகள் இருக்கின்றன. அது அடுத்த வாரம்.