நிலையில்லா எஞ்சினிலிருந்து நிலையான மின்சாரம்: விமான மின்னமைப்பின் வளர்ச்சி

விமானத்தில் மின்சாரம் பிறப்பது எஞ்சினின் சுழற்சியிலிருந்து. அந்தச் சுழற்சியோ ஒரே வேகத்தில் நிற்பதில்லை. தரையில் நிற்கும்போது மெதுவாக ஓடும், மேலெழும்போது உச்சத்தைத் தொடும், இறங்கும்போது தளரும். மின்கருவிகளுக்கு மாறாத மின்னழுத்தம் வேண்டும். மாறுதிசை மின்னோட்டமானால் அதிர்வெண்ணும் மாறக் கூடாது. இந்த முரணை எந்த இடத்தில் தீர்ப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் சொன்ன விடைதான் விமான மின்னமைப்பின் வரலாறு என்பது இக்கட்டுரையின் வாதம். 12 வோல்ட், 28 வோல்ட், 115 வோல்ட் என்று மின்னழுத்தம் ஏறிய கணக்கை மட்டும் சொல்லி முடிப்பது பாதிக் கதையே.

1903இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் மின்சாரத்தின் வேலை எரிபொருளுக்குப் பொறி கொடுப்பதோடு முடிந்தது. முதல் உலகப் போரில் வானொலிக்கருவி ஏறியது. காற்றோட்டத்தில் சுழலும் சிறு விசிறி கொண்ட ஜெனரேட்டர் அதற்குப் போதுமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குள் எஞ்சினோடு இணைத்த 28 வோல்ட் நேர்மின் ஜெனரேட்டர் அமெரிக்க விமானங்களில் வழக்கமாகிவிட்டது. நேர்மின்னோட்டத்தில் அதிர்வெண் என்ற சிக்கலே இல்லை. காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்தால் போதும். பேட்டரியும் நேரடியாக இணைந்துகொள்ளும்.

இந்த எளிமையை உடைத்தது 1942 செப்டம்பரில் முதன்முதல் பறந்த பி-29 போன்ற விமானங்களின் பசி. அதன் சக்கரங்களை இறக்குவதும், இறக்கை மடல்களை அசைப்பதும், துப்பாக்கிக் கூண்டுகளைத் தொலைவிலிருந்து திருப்புவதும் மின்மோட்டார்களே. 10 கிலோவாட் ஆற்றலை 28 வோல்ட்டில் கொண்டுசெல்ல 350 ஆம்பியருக்கு மேல் தேவை. அத்தனை மின்னோட்டத்துக்குத் தடித்த செம்புக் கம்பி வேண்டும். எடையே எதிரியான இடத்தில் இது பெரிய சுமை. இதைவிட எதிர்பாராத இடையூறு கார்பன் பிரஷ்களில் வந்தது. தரையருகே நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைத்த பிரஷ்கள், மிகு உயரத்தில் சில மணி நேரத்திலேயே பொடியாய்த் தேய்ந்தன. கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றிலுள்ள ஈரப்பதம் தேவை. அந்த உயரத்தில் ஈரம் இல்லை என்பது பின்னர்தான் தெளிவானது. ஃபுளோரைடு போன்ற உப்புகளைப் பிரஷ்ஷில் ஊறவைத்துத் தீர்வு கண்டார்கள்.

அடுத்த விடை இயந்திர வடிவில் வந்தது. 1946 ஆகஸ்டில் முதன்முதல் பறந்த கான்வேர் பி-36, 208 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மும்முனை மாறுதிசை மின்சாரத்தை ஏற்றது. அதிர்வெண் உயர்ந்தால் மின்மாற்றியிலும் மோட்டாரிலும் இரும்பு குறையும், எடை இறங்கும். ஆனால் 400 என்ற எண் அசையாதிருக்க வேண்டும். மூன்று இணை காந்த முனைகள் கொண்ட ஆல்டர்னேட்டரானால் நிமிடத்துக்குச் சரியாக 8,000 சுற்று. சண்ட்ஸ்ட்ராண்ட் நிறுவனத்தின் மாறா வேக இயக்கி இதைச் சாதித்தது: எண்ணெய் பம்பும் எண்ணெய் மோட்டாரும் இணைந்து, எஞ்சின் தளர்ந்தால் வேகத்தைக் கூட்டும், விரைந்தால் கழிக்கும்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. வல்கன் பி.1 குண்டுவீச்சு விமானம் நேர்மின்னோட்டத்தை விடாமல் 112 வோல்ட்டுக்கு ஏறியது. கம்பியின் எடை குறைந்தது உண்மை. ஆனால் மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் சுழியைத் தொடுவதால் சுவிட்ச் திறக்கும்போது பொறி தானே அணையும். நேர்மின்னோட்டத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை, மெல்லிய காற்றில் பொறி இன்னும் பிடிவாதமாக நிற்கும். இதைவிட முக்கியமானது, வல்கனின் திசைதிருப்பும் பரப்புகள் அனைத்தையும் மின்மோட்டாரால் ஓடும் எண்ணெய் பம்புகளே அசைத்தன. கை வலுவால் ஓட்ட மாற்றுவழி இல்லை.

1958 அக்டோபர் 24 அன்று எக்ஸ்ஏ908 என்ற வல்கன், அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே சுமார் 30,000 அடி உயரத்தில் மின்சாரம் முழுவதையும் இழந்தது. 20 நிமிடம் தாங்க வேண்டிய அவசர மின்சாரம் 3 நிமிடமே நீடித்தது. விமானம் கடும் சாய்வில் பாய்ந்து விழுந்து அதிலிருந்த ஆறு பேரும் மாண்டனர். ஜெனரேட்டர்கள் நான்கு இருந்தும், ஒரே பஸ்பாரில், அதாவது மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் பொதுத் தண்டில், நேர்ந்த பழுது எல்லாவற்றையும் வீழ்த்தியது. மின்னாக்கத்தைப் பற்றி எழுதுவோர் பகிர்மானத்தைக் கடைசி வரியில் தொட்டுச் செல்வதை என்னால் ஏற்க முடியாததற்கு இந்த ஆறு உயிர்களே காரணம். அடுத்து வந்த வல்கன் பி.2, 200 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாறியது. எஞ்சினுக்கு ஒன்றாக நான்கு 40 கிலோவோல்ட்-ஆம்பியர் ஆல்டர்னேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பஸ்பார். காற்றில் சுழலும் அவசர டர்பைனும் சிறு துணை எஞ்சினும் கூடுதலாக வந்தன. விபத்தே இம்மாற்றத்தை முழுதும் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது, பி.2 வடிவமைப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

மாறா வேக இயக்கி ஜெட் பயணி விமானங்களில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. பின்னர் இயக்கியும் ஆல்டர்னேட்டரும் ஒரே கூட்டுக்குள் இணைந்தன.

போயிங் 787 இந்த இயக்கியையே நீக்கியது. ஆல்டர்னேட்டர் எஞ்சினோடு சேர்ந்து ஓடும். அதிர்வெண் 360 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை அலையும். நிலைப்படுத்தும் பொறுப்பு, தேவைப்படும் கருவியின் வாசலில் நிற்கும் மின்னணு மாற்றிக்குப் போய்விட்டது. எஞ்சினுக்கு இரண்டாக 250 கிலோவோல்ட்-ஆம்பியர் ஆல்டர்னேட்டர்கள் நான்கு, துணை எஞ்சினில் 225 வீதம் இரண்டு. எஞ்சினிலிருந்து உறிஞ்சிய சூடான காற்றுக்குப் பதில் மின்மோட்டார் அமுக்கிகளே பயணிகளுக்குக் காற்றைத் தருவதால் இவ்வளவு தேவைப்படுகிறது. மின்னழுத்தம் 235 வோல்ட். அதன் உச்ச மதிப்பு சுமார் 332. காற்றில் எந்த அழுத்தத்திலும் மின்பொறி தாவாத எல்லையான சுமார் 327 வோல்ட்டை இது சற்றே தாண்டுகிறது.

பகிர்மானப் பாடம் இங்கே புது வடிவில் திரும்பியது. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 787 குறித்து ஓர் ஆணை வெளியிட்டது. ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் இடைவிடாது மின்சாரத்தில் இருந்தால், அப்போதைய மென்பொருளுக்குள் இருந்த ஒரு கணக்கி நிரம்பி வழிந்து அவை பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். குறியுடன் கூடிய 32 பிட் எண்ணில் நூறில் ஒரு விநாடிகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் 248 நாளில்தான் நிரம்பும். நான்கு முதன்மைக் கருவிகளும் ஒரே வேளையில் இயக்கப்பட்டிருந்தால் நான்கும் ஒரே வேளையில் நிற்கும். விமானம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் மாறுதிசை மின்சாரம் முழுவதும் போகும். செம்பில் பிரித்து வைத்த நான்கு வழிகளும் ஒரே நிரலில் ஒன்றுசேர்ந்திருந்தன. மென்பொருள் திருத்தப்படும் வரை 120 நாளுக்கு மிகாத இடைவெளியில் விமானத்தின் மின்சாரத்தை முழுதும் அணைத்துப் போட வேண்டும் என்பதே அந்த ஆணை.