மாஸ்கோவுக்குள் ஒரு பெருக்கல் குறி

இணையத்தில் ரொம்ப காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கடித உறையின் படம் உண்டு. பிரான்சிலிருந்து ரஷ்யாவுக்குப் போனது. முகவரி கையால் எழுதியது, ஆனால் எந்த மொழியிலும் இல்லை. தலையில் கொம்பும் தொப்பியும் வைத்த லத்தீன் எழுத்துகளின் கும்பல். அதன் மேலேயே ரஷ்யத் தபால் ஊழியர்கள் சரியான ரஷ்ய எழுத்துகளை எழுதித் திருத்தியிருக்கிறார்கள். கடிதம் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது!

நடந்தது இதுதான். ரஷ்யாவிலிருந்து முகவரி மின்னஞ்சலில் வந்திருக்கிறது. அனுப்பிய கணினி பயன்படுத்தியது கோய்-8 என்ற ரஷ்யக் குறியாக்கம். வாங்கிய கணினி அதை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக நினைத்துக் காட்டியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர், ரஷ்ய மொழி இப்படித்தான் இருக்கும்போல என்று ஒவ்வொரு கொம்பையும் பொறுப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறார். கோய்-8இல் ரஷ்ய 'வ' எழுத்து இருக்கும் இடத்தில் மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் இருப்பது பெருக்கல் குறி. அதனால் 'மஸ்க்வா' என்ற ஊர்ப்பெயரின் நடுவே ஒரு பெருக்கல் குறி வந்துவிடும். சிரிக்காதீங்க, யூனிகோடுக்கு முன் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியவர்கள் எல்லாரும் இந்தக் கொம்பு எழுத்துகளைப் பார்த்தவர்கள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நம் தஸ்கியும் டாப்பும் இதே கோலம்தான். கையால் பார்த்து எழுதி உறையில் ஒட்ட நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, தபால்காரர்கள் எப்படிப் படித்தார்கள்? குழம்பினாலும் இதில் எதுவும் தொலையவில்லை. ஒரு ரஷ்ய எழுத்துக்கு எப்போதும் ஒரே கொம்பு எழுத்துதான் வரும். முதல் சொல் நாட்டின் பெயராக இருக்க வேண்டும், 'ரஸ்ஸியா'. நடுவில் ஒரே எழுத்து இரண்டு தடவை வருகிறதா? வருகிறது. அடுத்தது மாஸ்கோ. இந்த இரண்டு சொற்களிலேயே 33 எழுத்துகளில் ஒன்பது கிடைத்துவிடும். மீதி குறுக்கெழுத்துப் போட்டி மாதிரிதான். 1990களில் ரஷ்யர்களுக்கு இது பழகிய கூத்து. கோய்-8 ஒரு பக்கம், விண்டோஸின் 1251 இன்னொரு பக்கம் என்று இருந்ததால், பல இணையதளங்கள் எந்தக் குறியாக்கம் வேண்டும் என்று வாசகரையே கேட்கும். குழம்பிய எழுத்துக்கு 'கிரகசியாப்ரி' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே முக்கியமான விஷயம், எண்கள். 0 முதல் 9 வரை இந்தக் குறியாக்கங்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. எனவே ஆறு இலக்க அஞ்சல் எண் அப்படியே தப்பித்துவிட்டது. எந்தத் தபால் நிலையம் என்று அது சொல்லிவிடும். கட்டிட எண்ணும் அறை எண்ணும்கூடப் பிழைத்தன. நடுவில் தெருப்பெயரும் ஆள்பெயரும்தான் புதிர்.

கோய்-8ஐ வடிவமைத்தவர்களை இங்கே பாராட்டியே ஆகணும். 1974ஆம் ஆண்டின் சோவியத் தரம் அது. எட்டாவது பிட்டை வழியிலேயே தின்றுவிடும் பழைய இணைப்புகளை மனதில் வைத்து, எழுத்துகளை ரஷ்ய அகரவரிசையில் வைக்காமல் லத்தீன் ஒலிக்கு நேராக வைத்தார்கள். பிட் போனாலும் 'ரஸ்ஸியா' என்பது ஆர், ஓ, எஸ், எஸ், ஐ, க்யூ என்று மிஞ்சும். கடைசி க்யூ கொஞ்சம் உதைக்கிறது, ஆனாலும் வாசிக்கலாம். எழுத்தைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துவது சிரமமானாலும் பரவாயில்லை, செய்தி சாகக்கூடாது என்ற முடிவு. இந்தக் கருணை நம் தஸ்கியில் கிடையாது. போலந்தின் வூட்ஜ் நகரத்துக்கும் கிடையாது. அதன் பெயரைத் தவறான பட்டியலில் படித்தால் பவுண்டு குறியில் தொடங்கிக் கால் பின்னத்தில் முடியும்.

இப்போது எல்லாம் யூனிகோடு ஆயிற்றே என்பீர்கள். எனக்கு நடந்ததைக் கேளுங்கள். வெளிநாட்டுக் கடையில் ஒரு பழைய புத்தகம் கேட்டிருந்தேன். படிவம் தமிழை ஏற்றுக்கொண்டதே என்ற குஷியில் பெயரையும் தெருவையும் தமிழிலேயே அடித்தேன். லேபிள் அச்சிட்ட இயந்திரம் தனக்குத் தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிட்டது. இது குழப்பமே இல்லை, அழிவு. 'தெரு' என்றாலும் நான்கு கேள்விக்குறி, 'சாலை' என்றாலும் நான்கு. எந்த ரஷ்யத் தபால்காரர் வந்தாலும் மீட்க முடியாது.

பிழைத்தவை ஊர்ப்பெயர், பின்கோடு, கதவு எண் 12. 1972 ஆகஸ்ட் 15இல் வந்த அந்த ஆறு இலக்கம் பார்சலை எங்கள் தபால் நிலையம் வரை கொண்டுவந்து விட்டது. அதற்கப்புறம் எங்கள் தபால்காரர் பாடு.

கதவைத் தட்டி, கேள்விக்குறிகளை விரலால் காட்டினார். "சார், இது நாலாவது பன்னெண்டு. முதல் மூணு வீட்லயும் எங்களுது இல்லைன்னுட்டாங்க. புஸ்தகம் மாதிரி இருக்கு, உங்களுதா பாருங்க."