நம் மலையில் வாடகை வீடுகள்



கொடைக்கானலின் வரலாற்றை எழுதுவோர் ஏரியையும் பங்களாக்களையும் பற்றி விரிவாக எழுதுவர். அப்பங்களாக்களில் உழைத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று எழுதியவர் சிலரே. நம்மில் பலர் அவர்களின் வழிவந்தவர்களாதலால், அதனை இங்குச் சிறிது கூற விழைகிறோம்.

1845-ல் அமெரிக்க மதுரை மிஷனார் இங்குக் கட்டிய முதலிரு வீடுகள் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்பன. சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்தோர்க்கான வீடுகள் அவை. 1863-ல் லெவிஞ்ச் துரை ஏரியை அமைத்தார். அதே காலத்தில் சேசு சபைக் குருவாகிய சங். லூயி சேன் சீர் அடிகளார் சலேத் மாதா கோவிலை எழுப்பினார். ஆக, இவ்வூர் தொடக்கமுதலே வந்து போவோரை நம்பி வளர்ந்த ஊர். டோலி சுமந்தோரும் சமையற்காரரும் தோட்டக்காரரும் பங்களாக்களின் பின்கட்டு அறைகளில் வாழ்ந்தனர். அதற்கு வாடகை இல்லை. ஆனால் வேலை போனால் கூரையும் போயிற்று.

பின்கட்டை விட்டு வெளியேறியோர் மூஞ்சிக்கல், நாயுடுபுரம், ஆனந்தகிரி ஆகிய இடங்களில் வாடகைக்கோ ஒத்திக்கோ வீடு தேடினர். 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நகராட்சிகளுக்கெல்லாம் பொருந்துவதாயிற்று. நியாய வாடகையை நிர்ணயிக்க அதில் வழி இருந்தது. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்றும் இருந்தது. ஆனால் கேட்ட முன்பணத்தைக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுப் படி ஏறாதிருந்தவர்களே மிகுதி. எம் கருத்தில், ஏழைக்குச் சட்டத்தைவிடப் பெருங்காவலாய் நின்றது ஒத்திப் பணமே. நகையை அடகு வைத்தோ சீட்டுப் பிடித்தோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. அத்தொகையைத் திருப்பித் தராமல் வீட்டுக்காரர் எழுப்பவும் இயலாது. திருப்பித் தருவது அன்று அவருக்கு எளிதன்று.

இன்று எளிதாகிவிட்டது. சீசனில் சில நாள் காட்டேஜ் வாடகையே ஒரு மாதக் குடித்தன வாடகையை எட்டுகிறது. ஒத்தியைத் தீர்த்து, வெள்ளையடித்து, கட்டிலும் கீசரும் போட்டுப் பயணிகளுக்கு விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. அவருக்கும் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டும். மலைப்பகுதியில் நினைத்தபடி புதிதாகக் கட்டவும் இயலாது. மாஸ்டர் பிளானும் வனமும் தடுக்கின்றன. தடுப்பது நன்றே. ஆயினும் இருக்கும் வீடு காட்டேஜ் ஆனால், அங்குக் குடியிருந்தவர் பெருமாள்மலைக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்கிப்போய், அதே காட்டேஜில் துணி துவைக்கப் பஸ் ஏறி வரவேண்டியதாகிறது.

1960-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. இதில் நியாய வாடகை நிர்ணயம் இல்லை. எழுத்தில் உள்ள ஒப்பந்தமே எல்லாம். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிடில், குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வாய்ச்சொல்லை நம்பியே குடியேறும் வழக்கமுள்ள நாம் இதனை மனத்தில் கொள்ளல் வேண்டும். நம் பங்கில் இன்னும் ஆண்டுக் குடித்தனத்துக்கே வீடு விடுவோர் சிலர் இருக்கின்றனர். அவர்களும் குடியிருப்போரும் இவ்வாண்டே கணக்கு வழக்கைக் காகிதத்தில் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். படிக்கத் தெரிந்த நம் இளைஞர் உடனிருந்து எழுதித் தருவார்கள்.