தராசில் தொங்கிய மஸ்கிக்கு ஓர் இரங்கல்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் சிற்றூர்களில், இரை விற்கும் கடை வாசலில் ஒரு மரச்சட்டம் நிற்கும். சட்டத்தில் ஒரு தராசு, தராசில் ஒரு கொக்கி, கொக்கியில் வாயைக் கோத்துத் தொங்கவிட்ட ஒரு மஸ்கி மீன். வால் ஏறக்குறையத் தரையைத் தொடும். பிடித்தவர் ஈரச் சட்டையோடு பக்கத்தில் நிற்பார். கடைக்காரர் முள்ளைப் பார்த்து எடையை உரக்கச் சொல்வார். தெருவில் போனவர்களில் பாதிப்பேர் அங்கே கூடிவிடுவார்கள். அன்றிரவு மதுக்கூடத்தில் அந்த மீன் ஓர் அங்குலம் வளரும். அடுத்த வாரம் இரண்டு பவுண்டு கூடும். பேரன் காலத்தில் படகையே இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

அந்த மீனும் அந்தக் கூட்டமும் இப்போது இல்லை. 1970-களில் தளரத் தொடங்கி, ஓரிரு தலைமுறைக்குள் அநேகமாக மறைந்துபோயின. மறைந்ததற்கான காரணம் நல்ல காரணம்தான். ஆனாலும் ஒரு வழக்கம் சாகும்போது அதனோடு வாழ்ந்தவை எல்லாமே சாகத் தகுந்தவையாக இருப்பதில்லை. அவற்றுக்காகவே இந்த இரங்கல்.

முதலில் மீனைச் சொல்லிவிட வேண்டும். மஸ்கெலஞ்ச் என்பது முழுப்பெயர். பைக் குடும்பத்தில் மிகப் பெரியது. தட்டையான நீண்ட மூஞ்சி, வாய் நிறையக் கூரிய பற்கள், பச்சையும் வெண்கலமும் கலந்த உடம்பில் கரும்பட்டைகள். பேரேரிகளும் செயின்ட் லாரன்ஸ் நதியும் மிசிசிப்பியின் மேற்பகுதியும் அதன் தாயகம். விஸ்கான்சின் 1955-இல் அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. நம் குளத்து விரால் போலப் பாசிக்குள் அசையாமல் கிடந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் பாயும். பெட்டைதான் பெரிதாக வளரும். முப்பது ஆண்டுகள் வரைகூட வாழும். மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால், எவ்வளவு நல்ல ஏரியிலும் அவற்றின் எண்ணிக்கை சொற்பம். பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒன்று கிடைக்கும் என்று அந்த ஊர்களில் ஒரு பேச்சு உண்டு.

ஆனால் இத்தனை கதைகளுக்கும் தாய் அதன் அருமை மட்டுமில்லை; அதன் ஒரு குணம். மஸ்கி இரையைப் பின்தொடரும், கடிக்காது. மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய பொய் இரையை வீசிச் சுருட்டி இழுக்கும்போது, இரண்டடி பின்னால் ஒரு நீண்ட நிழல் சத்தமில்லாமல் வரும். படகின் ஓரம் வரை வந்து நிற்கும். கண்ணோடு கண் பார்க்கும். தூண்டில்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோலின் நுனியை நீருக்குள் இறக்கி எட்டுப் போடுவதுபோல் இரையைச் சுழற்றுவார். சில நேரம் பாயும். பெரும்பாலும் மெல்லக் கீழே இறங்கி மறைந்துபோகும். அது நின்றது சில நொடிகள். பார்த்தவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். மாலை வெளிச்சம், கலங்கிய தண்ணீர், அடித்துக்கொள்ளும் நெஞ்சு. அந்த நிழல் நாற்பது அங்குலமா ஐம்பத்தைந்தா என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு கோடை முழுவதும் ஏரியில் கிடந்தவனுக்குக் கையில் மிஞ்சுவது இப்படிப்பட்ட நான்கைந்து நிழல்கள்தான். அவற்றை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழி பேச்சு ஒன்றுதான். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்டதற்கும் காட்ட முடிந்ததற்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருந்தால், அதைச் சொல்தான் நிரப்பும்.

மஸ்கி பெரும்பாலும் தன் வேட்டையிடத்தை எளிதில் விடாது. ஒரே பாசிப்பரப்பு, ஒரே மணல்திட்டு, மூழ்கிய ஒரே மரத்தூர் என்று ஆண்டுதோறும் அங்கேயே தென்படும். ஆகவே வழிகாட்டிகள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். இன்ன திட்டில் இன்ன கிழம் இருக்கிறது, போன ஆண்டு இன்னாருடைய நரம்பை அறுத்தது என்று சரித்திரம் சொல்வார்கள். அப்படிப் பெயர் பெற்றவற்றில் உலகறிந்தது ஒன்று: தாடிக்கார சார்லி. ஹேவர்ட் ஊருக்குக் கிழக்கே உள்ள சிப்பெவா நீர்த்தேக்கம் அவனுடைய வீடு.

அந்த நீர்த்தேக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர்வது சரியில்லை. அது இயற்கை ஏரி இல்லை. 1920-களின் தொடக்கத்தில் அணை கட்டியபோது, லாக் கூர்ட் ஒரேய் ஓஜிப்வே மக்கள் வேண்டாம் என்று எதிர்த்தும், அவர்களுடைய ஊரும் காட்டரிசி விளைந்த சதுப்பும் முன்னோரின் கல்லறைகளும் தண்ணீருக்குள் போயின. மிதக்கும் புல்தீவுகளும் மூழ்கிய அடிமரங்களும் நிறைந்த அந்த நீரில்தான் மஸ்கி கொழுத்தது. மதுக்கூடக் கதைகளில் மீனின் எடை ஒவ்வொரு ஆண்டும் ஏறியது. மூழ்கிய ஊரின் பெயர் அபூர்வமாகவே வந்தது. அந்தக் கதைகளை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

1949 அந்த வட்டாரத்தின் பேராண்டு. ஜூலையில், மீன்பிடிப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிவந்த கால் ஜான்சன், லாக் கூர்ட் ஒரேய் ஏரியில் 67 பவுண்டு 8 அவுன்ஸ் எடையுள்ள மஸ்கியைப் பிடித்தார், ஏறக்குறைய 30.6 கிலோ. அக்டோபர் 20-இல் லூயி ஸ்ப்ரே, சிப்பெவா நீர்த்தேக்கத்தில் அந்தத் தாடிக்கார சார்லியைக் கரைக்குக் கொண்டுவந்தார்: 69 பவுண்டு 11 அவுன்ஸ், நீளம் 63½ அங்குலம். ஸ்ப்ரே சாதாரண ஆள் இல்லை. மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்தியவர். 1939-இலும் 1940-இலும் ஏற்கெனவே உலகச் சாதனை மீன்களைக் காட்டியவர். படகோரத்துக்கு வந்த சார்லியைக் கைத்துப்பாக்கியால் சுட்டு அடக்கினார்கள். அன்று அதற்கு அனுமதி இருந்தது. 1960-களில்தான் விஸ்கான்சின் அதைத் தடைசெய்தது. ஒரே ஆண்டில், பக்கத்துப் பக்கத்து நீரில், இரண்டு உலகச் சாதனைகள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. இன்றும் ஒன்றாகவில்லை.

தொங்கவிட்ட மீனின் அருமை எனக்கு இங்கேதான் புரிகிறது. அது பொய்க்குத் தீனி போட்டது என்பது உண்மை. அதே அளவுக்குப் பொய்க்கு எல்லையும் போட்டது. ஊர் நடுவில் ஓர் உடல் தொங்கும்போது, யார் வேண்டுமானாலும் நாடாவை எடுத்துவந்து அளக்கலாம். தராசைச் சந்தேகிக்கலாம். வயிற்றில் ஈயக்கட்டி இருக்கிறதா என்று கிழித்துப் பார்க்கச் சொல்லலாம். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். ஆண்டிகோ ஊரில் இரும்புச்சாமான் கடை வைத்திருந்த ஃபிராங்க் சூயிக், தான் செதுக்கிய மரமீன் இரையை நம்பவைக்க, முப்பது நாள் தொடர்ந்து நாளுக்கு ஒரு மஸ்கி பிடித்துக் கடையின் கண்ணாடிச் சன்னலில் வைத்தார் என்பார்கள். அந்த இரை இன்றும் அவர் பெயரில் விற்கிறது. முப்பது என்ற எண்ணில் எனக்குச் சற்றே தயக்கம் உண்டு. சன்னலில் வைத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்த அந்த மனத்தில் தயக்கமே இல்லை. சொன்னால் போதாது, ஊர் பார்க்க வேண்டும்.

ஊர் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்ட் லாட்டன் சான்று. 1957-இல் செயின்ட் லாரன்ஸ் நதியில் 69 பவுண்டு 15 அவுன்ஸ் மீனைப் பிடித்ததாக அவர் பதிவுசெய்தார். ஸ்ப்ரேயை விட நான்கே அவுன்ஸ் கூடுதல். முப்பத்தைந்து ஆண்டுகள் அது உலகச் சாதனையாக இருந்தது. பிறகு ஜான் டெட்லாஃப் என்ற ஹேவர்ட் வட்டாரக்காரர் பழைய புகைப்படங்களை அளந்து, படத்திலிருந்த மீன் அவ்வளவு பெரிதாக இருக்கவே முடியாது என்று காட்டினார். 1992-இல் சாதனை பறிபோனது. மகுடம் ஹேவர்டுக்குத் திரும்பியது, அதுவும் பாதி பாதியாக: அங்குள்ள நன்னீர் மீன்பிடிப்புப் புகழரங்கம் ஸ்ப்ரேயை ஏற்கிறது, சர்வதேச விளையாட்டு மீன் சங்கம் ஜான்சனை ஏற்கிறது. பின்னர் ஒரு குழு ஸ்ப்ரேயின் படங்களையும் அதே முறையில் அளந்து எதிர்த்தது. புகழரங்கம் 2006-இல் அந்த எதிர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஜான்சனின் மீன் பாடம்செய்யப்பட்டு, ஹேவர்டில் மொக்கசின் பார் என்ற மதுக்கூடத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. சார்லியின் உடல் 1959-இல் தீயில் எரிந்துபோனது. அளக்க உடல் இல்லாததால்தான் அந்த வழக்கு முடியவே இல்லை.

இனி, சாவு எப்படி வந்தது என்பது. 1955 ஜூலையில் மின்னசோட்டாவின் லீச் ஏரியில் கடும் வெயில், காற்றே இல்லை. என்ன நேர்ந்ததோ, மஸ்கிகள் கண்மண் தெரியாமல் கடித்தன. சில நாட்களில் டஜன் டஜனாகக் கரைக்கு வந்தன. வரிசையாகக் கோத்த மீன்களுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கும் படம் நாடெங்கும் போனது. அன்று அது கொண்டாட்டம். இன்று அந்தப் படத்தைப் பார்க்கிற தூண்டில்காரருக்கு வயிறு கலங்கும். இருபது ஆண்டு வளர்ந்த தாய்மீன்கள் அவை. ஓர் ஏரியில் சில நூறே இருக்கும் இனத்தில் அப்படி அள்ளினால் என்ன மிஞ்சும்?

1966-இல் மின்னசோட்டாவில் கில் ஹாம் என்பவர் மஸ்கீஸ் இன்க் என்ற சங்கத்தைத் தொடங்கினார். குஞ்சு வளர்த்து விடுவது, பிடித்ததைத் திரும்ப விடுவது: இரண்டையும் ஒரு பிரசாரமாகவே எடுத்துக்கொண்டார்கள். பிடித்த மீனை விடுவதா என்று முதலில் சிரித்தவர்கள் உண்டு. மெல்ல மெல்லக் கருவிகளும் மாறின. முன்பு சக்கர் என்ற உயிர்மீனை ஒற்றை முள்ளில் கோத்து, மஸ்கி அதை விழுங்கும்வரை காத்திருந்து இழுப்பார்கள், முள் வயிற்றில் தைக்கும், விட்டாலும் பிழைக்காது. கடித்த உடனே வாயோரம் தைக்கும் முள்ளமைப்பு வந்தது. ஆழமான வலை வந்தது. மீனை நீரிலேயே வைத்து முள்ளை வெட்டி எடுத்தார்கள். தண்ணீர் மிகச் சூடேறும் நாட்களில் மஸ்கிக்குத் தூண்டில் போடாமல் இருக்கக் கற்றார்கள்.

இதில் செத்த மீன்களுக்கும் பங்குண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். பாடம்செய்யக் கொடுத்த மீன்களின் தோளெலும்பு ஒன்றைத் தூண்டில்காரர்களிடமும் பாடம்செய்வோரிடமும் கேட்டு வாங்கி, டொராண்டோவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். மரத்தின் வளையம்போல அந்த எலும்பில் ஆண்டுக்கோடு விழும். எந்த நீரில் எத்தனை ஆண்டில் எவ்வளவு வளர்கிறது என்பது அதில் தெரிந்தது. பெரிய மீன் எவ்வளவு மெதுவாக உருவாகிறது என்று தெரிந்ததும், வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் குறைந்தபட்ச நீளத்தை அரசுகள் உயர்த்தின. விஸ்கான்சினில் பொதுவாக 40 அங்குலம், சில ஏரிகளில் 50. மின்னசோட்டாவில் 54. மதுக்கூடச் சுவருக்குப் போன மீன்களின் எலும்புதான் பின்வந்த மீன்களைக் காப்பாற்றியது.

இப்போது பிடிக்கிறவர் மீனைக் குறுக்கே தூக்கி ஒரு படம் எடுப்பார். நீளமும் சுற்றளவும் குறிப்பார். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் பவுண்டுக் கணக்கில் எடை வரும். வாலைப் பிடித்து நீரில் நிறுத்துவார். அது ஒரு உதறு உதறிப் போய்விடும். வீட்டுச் சுவருக்கு அதே அளவில் கண்ணாடியிழை உருவம் செய்து வாங்கிக்கொள்வார். மீன் பிழைத்தது. அது சரியானது, இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் கைகளை முன்னால் நீட்டி மீனைப் பெரிதாகக் காட்டும் அந்தப் படத்தை யாரும் சுற்றி நின்று பார்ப்பதில்லை, தொட்டு அளப்பதில்லை, சண்டை போடுவதில்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறார்கள். பழைய கதை சொல்லிக்கு எதிரே முகங்கள் இருந்தன. எந்த இடத்தில் அவர்கள் நம்பவில்லை என்பதை அவர் அவர்களுடைய கண்ணில் படித்தார். அங்கே கதையைத் திருத்தினார், அல்லது இன்னும் துணிந்து அளந்தார். கேட்டவர்கள் வளர்த்த கதை அது.

2021 நவம்பரில் மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் 55 பவுண்டு 14.8 அவுன்ஸ் எடையுள்ள மஸ்கி பிடிபட்டது. 1957 முதல் அசையாமல் இருந்த மாநிலச் சாதனை உடைந்தது. பிடித்தவர்கள் அதை விட்டுவிடவே முயன்றார்கள்; உறையும் குளிரில் நெடுநேரம் நீரில் பிடித்துப் பார்த்தும் அது மீளவில்லை. அதனால்தான் அது தராசுக்கு வந்தது. இப்படி விபத்தாக வந்தால் ஒழிய, இனிச் சாதனை மீன் கரைக்கு வராது. அப்படியானால் 1949-இன் எண்களை உடைப்பாரும் இல்லை, நிரூபிப்பாரும் இல்லை.

ஹேவர்டில் புகழரங்கத்தின் முன்னால் 143 அடி நீளத்தில் மஸ்கி ஒன்றைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். வாய்க்குள் ஏறி நின்று ஊரைப் பார்க்கலாம். நினைவுச்சின்னம் என்றால் அதுவே போதும். குரல்கள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. கடை வாசலில் அந்தச் சட்டங்களுக்கு முன்னால் சிறுவர்களாக நின்றவர்களுக்கு இப்போது எண்பது வயது ஆகிறது. யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போய் உட்கார வேண்டும், அவர்கள் சொல்லும் எடை எதுவானாலும் அதைத் திருத்தாமல் பதிந்துகொள்ள வேண்டும்.