வாவிக்கரையின் மனவடுவும் அதற்கு மருந்து தேடிய வரலாறும்

போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் அதில் மாண்டோர் தொகையையும் வரலாற்றாசிரியர் குறித்து வைப்பர். போர் நீங்கிய பின்னும் மக்கள் உள்ளத்தைவிட்டு நீங்காத ஒன்றுண்டு. அதனைக் குறித்து வைத்தோர் சிலரே. கண்ட கொடுமை கனவிற் பன்முறை மீண்டு வருதல், அதனை நினைவூட்டும் இடத்தையும் ஒலியையும் அஞ்சி விலகுதல், உறக்கமின்மை, சிற்றோசைக்கும் திடுக்கிடுதல், உற்றாரிடத்தும் அன்பு வறண்டுபோதல் என்னும் குறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வை முடக்குமாயின், மருத்துவர் அதனை ஒரு நோயெனக் கொள்வர். ஈழத்து மருத்துவ வழக்கில் அது நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் எனப்படும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அந்நோய்க்கு மருந்து தேடப்பட்ட வரலாறு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. கோயிலிலே வாக்குச் சொல்வோர்க்கும், ஓவியர்க்கும், துறவியர்க்கும், ஆசிரியர்க்கும் அதிற் பங்குண்டு.

நோயின் பெயர் பிந்தியது; நோயோ பழையது. முதலாம் உலகப் போரிலே பீரங்கி வெடியதிர்ச்சியால் நிலைகுலைந்த வீரரைப் பற்றிச் சாள்ஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1915இல் எழுதினார். அக்காலத்தில் அதனைக் கோழைமையென இகழ்ந்தோரும் இருந்தனர். வியட்நாம் போரினின்றும் மீண்டவர்தம் நிலைகண்ட அமெரிக்க உளமருத்துவச் சங்கம், 1980இல் வெளியிட்ட தன் நோய்ப்பட்டியலின் மூன்றாம் பதிப்பில் இதற்கொரு தனியிடம் அளித்தது. தமிழில் இப்பொருளை விரித்துரைத்தவர் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ஆவர். 1993இல் வெளிவந்த அவரது நூலின் பெயர் 'மனவடு' என்பது. புண்ணுக்கும் வடுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறள் கற்ற மாணாக்கர் நன்கறிவராதலின், அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை.

எனினும், 'பிற்பட்ட' என்னும் அடைமொழி சிந்திக்கற்பாலது. அமெரிக்க வீரன் கடல்கடந்து தன் நாடு திரும்பியபொழுது போர் அவனுக்குப் பின்னால் நின்றது. பட்டிப்பளையிலோ வாகரையிலோ வாழ்ந்த உழவனுக்கு அவ்வாறு நின்றதா?

கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறாவூர்ப்பற்று வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்கு எழுவான்கரை, மேற்குப் படுவான்கரை. வாவியிற் பாடும் மீனைப் பற்றி எழுதியோர் பலராதலின் அஃது ஈண்டு வேண்டா. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், சில திங்களுக்குள் இக்கரைகளில் நிகழ்ந்தவை வேறு வகையின. ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திற் புகலடைந்திருந்தோருள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர் மீளவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் ஒரு படுகொலை. அடுத்த ஆண்டு யூன் 12ஆம் நாள், படுவான்கரையிற் கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் இன்னுமொன்று. இவை ஒரு சாராரின் கையால் மட்டும் நிகழ்ந்தவையுமல்ல. ஒரு சாரார்க்கு மட்டும் நேர்ந்தவையுமல்ல.

அந்நாளிற் படுவான்கரைத் தாயொருத்திக்கு உளமருத்துவர் எட்டாப் பொருள். அவள் சென்ற இடம் அம்மன் கோயில். வாவிக்கரைக் காளி கோயில்களிலும் மாரி கோயில்களிலும் சடங்கு நாள்களில் தெய்வமேறி வாக்குச் சொல்லும் வழக்கம் நெடுங்காலத்தது. பற்றீசியா லோறன்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், 1990களிற் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே மட்டக்களப்பில் தங்கி இதனை ஆராய்ந்தார். முன்னர்ப் பயிர், பிணி, மணம் பற்றிக் கேட்டுவந்த மக்கள், அக்காலத்திற் 'பிடித்துச் சென்ற என் மகன் உயிரோடு இருக்கின்றானா' என்று கேட்கலாயினர். வெளியிற் பேச அஞ்சிய துயர் தெய்வத்தின் முன்னிலையிற் பலரறியப் பேசப்பட்டது. பேச்சையே அச்சம் அடக்கிவைத்திருந்த நாட்டில், கூட்டத்தின் நடுவே துயரைச் சொல்ல ஓரிடம் இருந்தமை சிறிதன்று. எனினும் அதனால் எத்தனை பேர் உறங்கினர், எத்தனை பேரது நோய் தணிந்தது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மானிடவியலாளர் விளங்கிக்கொள்ள வந்தாரேயன்றி அளக்க வரவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு தொழில்கள். ஒன்றைச் செய்தோரை மற்றொன்றைச் செய்யவில்லையெனக் குறைகூறல் முறையன்று.

அதே காலத்திற் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர், போரிடை வாழும் சிறுவர் நலம் பற்றி மட்டக்களப்பில் ஓராய்வு நடாத்தினர். ஆய்வு முடிந்ததும் வினாக்கொத்தை மடித்துக்கொண்டு செல்வதே பெரும்பாலும் வழக்கம். இம்முறை அங்ஙனம் நிகழவில்லை. அதன் தொடர்பாக 1996இல் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' தோன்றியது. இயேசுசபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் அதன் முதல்வர்கள். தமிழ், முஸ்லிம் ஊர்களின் சிறுவர் பேருந்திற் கொண்டுவரப்பட்டு, களிமண், வண்ணம், கதை, நாடகம் என்பவற்றில் ஈடுபட்டனர். நோயென்னும் சொல்லே அங்கு அரிது. பயனைக் கண்ணாற் கண்டோர் பலர். ஆயினும் பூங்காவுக்கு வந்த பிள்ளையையும் வாராத பிள்ளையையும் ஒப்புநோக்காதவிடத்து, வளர்ச்சியால் வந்த மாற்றம் எது, பூங்காவால் வந்த மாற்றம் எது என்று பிரித்தறிதல் அரிது.

2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோள் கல்லடி, நாவலடி, டச்பார்ப் பகுதிகளை அழித்தது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டியாகிய நாவலடியில் எஞ்சிய வீடுகள் மிகச் சில. நாடு முழுவதும் மாண்டோர் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். உணவும் கூடாரமும் வந்தவாறே உளச்சிகிச்சையும் வந்திறங்கியது. மொழியறியாதோரும், சில நாள் தங்கிச் செல்வோரும், தாம் கற்ற முறையே உலகுக்கெல்லாம் பொருந்துமென நம்பியோரும் அவருள் இருந்தனர். நடந்ததை உடனே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் செய்தால் பின்னர் நோய் வாராது என்பது அவருட் சிலர் கொண்ட கொள்கை. தீயணைப்போர் முதலியோர்க்காக அமெரிக்கரான மிச்செல் 1983இல் வகுத்த முறை அது. அம்முறை சோதனையில் ஏற்கெனவே தோற்றிருந்தது. வேல்ஸ் நாட்டிலே தீக்காயமுற்றோரிடத்து நடாத்தி 1997இல் வெளியிட்ட சோதனையில், பதின்மூன்று மாதங்களின் பின், அவ்வாறு சொல்லச் செய்யப்பட்டோருள் நூற்றுக்கு 26 பேர் மனவடு நோயுற்றிருந்தனர். செய்யப்படாதோருள் 9 பேரே. நல்லெண்ணம் மருந்தாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எண் வேண்டுமா?

வந்தோரையெல்லாம் ஒழுங்குபடுத்தும் பணியை மட்டக்களப்பில் 'மாங்குரோவ்' என்னும் உளசமூக இணைப்பகம் ஏற்றது. அதன் அமைப்பாளருள் ஒருவரான ஆனந்த கலப்பத்திக்கு 2008இல் மக்சாசே விருது கிடைத்தது. உளமருத்துவர் மகேசன் கணேசன் முதலியோர் மாவட்டத்துள்ளேயே நிலையான மனநல சேவை அமைய உழைத்தனர். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடற்கோளுக்கு முன் இலங்கையிற் பத்து மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநல சேவைக் கட்டமைப்பு பின்னர் இருபதுக்கு விரிந்தது.

இனி, உண்மையான சோதனைக்கு வருவோம். அது வாவிக்கரையில் நிகழவில்லை. வடகீழ்க் கடற்கரையில், கடற்கோளின் பின் எழுந்த ஓர் அகதி முகாமில் நிகழ்ந்தது. நடாத்தியோர் ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கத்தானி, நொய்னர், எல்பேட் முதலியோரும் அவரோடிணைந்த உள்ளூராரும். அவர்தம் முறைக்கு 'எடுத்துரைத்தல்வழிச் சிகிச்சை' எனப் பெயரிடலாம். பிறந்த நாள் தொடங்கி வாழ்க்கை முழுவதையும் ஒரு கயிறாகத் தரையில் விரிப்பர். இன்ப நிகழ்ச்சிக்கு ஒரு பூ. துன்ப நிகழ்ச்சிக்கு ஒரு கல். பின்னர்க் கல் கல்லாக, நிகழ்ந்த வரிசையிலே, கண்டதும் கேட்டதும் உடல் உணர்ந்ததும் உட்படச் சொல்லச் செய்து, துணையாளர் அதனை எழுதி, அடுத்த முறை படித்துக் காட்டுவர். அச்சம் உள்ளத்தில் துண்டு துண்டாக, இடமும் காலமுமின்றித் தங்கிக் கிடப்பதே நோயென்றும், அத்துண்டுகளுக்கு இடமும் காலமும் கொடுத்தால் 'அது அன்று நடந்தது. இன்று நடப்பதன்று' என்னும் தெளிவு பிறக்குமென்றும் அவர் கருதுவர். ஒருமுறை சொல்லச் செய்து விடுவதற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. உகண்டாவிற் சூடானிய அகதிகளிடத்து நிகழ்ந்து 2004இல் வெளியான சோதனையில், ஓராண்டின் பின் இம்முறை பெற்றோருள் நூற்றுக்கு 29 பேரே நோயோடிருந்தனர். வேறு வகையான ஆறுதலுரை பெற்றோருள் 79 பேர் இருந்தனர்.

முகாமிலே 31 சிறுவர் எழுமாற்றாக இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றார்க்கு ஆறு அமர்வுகளில் எடுத்துரைத்தல். மற்றையோர்க்கு அதே ஆறு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும். 2009இல் வெளிவந்த முடிபு ஆராய்ச்சியாளரையே வியப்பித்திருக்கும். ஆறு மாதத்தின் பின் முன்னையோருள் நூற்றுக்கு 81 பேரும், பின்னையோருள் 71 பேரும் நோய் நீங்கியிருந்தனர். இவ்வேறுபாடு கணக்கியலிற் பொருட்படுத்தத் தக்கதன்று. சொல்லிய பிள்ளையும் தேறியது. மூச்சை அடக்கி அமைதியுற்ற பிள்ளையும் தேறியது. நம் முன்னோர் வழக்கு வென்றதெனச் சைவ மேடைகளிற் பறைசாற்ற இஃது ஏற்ற செய்தியே. ஆயினும் 31 என்னும் தொகை சிறிது. எச்சிகிச்சையும் பெறாத மூன்றாங் கூறு அங்கில்லை. இயல்பாகத் தேறுவதினும் கூடுதலாகத் தேறினர் என்று ஆராய்ச்சியாளர் கருதினர், அது கருத்தளவே.

இதற்கு மறுதலையாகவும் ஒரு சான்றுண்டு. ஆசிரியர் ஊன்றிக் கவனிக்கத் தக்கது அது. வட இலங்கையில் 12 பாடசாலைகளின் 399 மாணாக்கரிடத்து, வகுப்பறையிலேயே 15 அமர்வுகள் கொண்ட ஒரு முறையை ரோல் என்பாரும் அவர் குழுவினரும் சோதித்து 2012இல் வெளியிட்டனர். ஒழுக்கக் கோளாறுகள் சில குறைந்தன. மனவடுக் குறிகளிற் பொதுவான பயன் காணப்படவில்லை. பெண்பிள்ளைகளிடத்தோ, முறையைப் பெறாதோர் தேறிய அளவுக்குப் பெற்றோர் தேறவில்லை. விளையாட்டும் பாட்டுமாய் அமைந்த, எவர் பார்ப்பினும் நல்லதென்றே சொல்லத்தக்க ஒரு முறை, சிலரது இயல்பான தேறுதலுக்குத் தடையாய் நின்றிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தாலன்றி எவர் அறிவார்? வாவிக்கரைப் பாடசாலைகளில் நன்னோக்குடன் நடந்த எத்தனையோ நிகழ்ச்சிகள் இவ்வாறு எண்ணிப் பார்க்கப்படாமலே முடிந்தன.

நிற்க. வந்தாறுமூலைக்கு மீள்வோம். 1990இல் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு மேற்கூறிய முறைகளுள் எது பொருந்தும்? 'அது அன்று நடந்தது. முடிந்தது' என்னும் தெளிவே எடுத்துரைத்தல் தரும் மருந்து. அவளுக்கோ முடியவில்லை. கயிற்றிலே கல்லை வைக்கலாம். கொண்டுசென்ற நாள் அவளுக்குத் தெரியும். அதன்பின் கயிறு எங்கே செல்கின்றது? 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நோய்ப்பட்டியலின் பதினோராம் பதிப்பு, நீடித்த துக்கத்தை ஒரு தனி நோயாக ஏற்றுள்ளது. ஆயின் அதற்கு உற்றார் ஒருவரது இறப்பு முதற்குறி. மகன் இறந்தானென ஒப்பாத தாய் அப்பட்டியலிலும் அடங்காள். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அலுவலகம் தரவேண்டிய விடை மருத்துவத்தினுடையதன்று. வாக்குச் சொல்வோரை நாடியவள் கேட்டது ஆறுதலை மட்டுமன்று, அவ்விடையையும் என்பதை லோறன்சின் ஆராய்ச்சி காட்டுகின்றது.

காணாமற்போனோரின் உறவினர்க்கென்றே அமைந்த சிகிச்சையொன்றை எழுமாற்று முறையிற் சோதிக்கும் முன்னோடி முயற்சி நெதர்லாந்தில் நிகழ்ந்து 2019இல் வெளியாயிற்று. அதிற் பங்குபற்றியோர் இருபதின்மருக்கும் குறைவு. வந்தாறுமூலையில் ஒரே நாளிற் கொண்டுசெல்லப்பட்டோர் 158 பேர்.