அடுத்தவர் ஸ்விட்சில் ஏறிய வைஃபை

1999-இல் 802.11பி தரம் வெளியாகி, அலுவலகங்களுக்குள் வைஃபை நுழைந்தபோது ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டும் தனிக்குடித்தனம்தான் நடத்தியது. சேனல், கடவுச்சொல், யாரை உள்ளே விடுவது என்பதெல்லாம் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பத்துப் பெட்டிகளைச் சமாளித்துவிடலாம். இருநூறு இருந்தால், ஒரு கடவுச்சொல்லை மாற்றக்கூட இருநூறு பெட்டிகளுக்குள்ளும் போய்வர வேண்டும்.

கலிபோர்னியாவில் 2001, 2002-இல் தொடங்கப்பட்ட ஏர்ஸ்பேஸ், அரூபா, டிரபீஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் இதற்கு ஏறக்குறைய ஒரே விடையைத்தான் கண்டன. மூளையைக் கண்ட்ரோலர் என்ற ஒரு பெட்டியில் வைத்துவிடுவது. கூரையில் தொங்குவது அது சொன்னதைச் செய்யும் ரேடியோ. ஆனால் அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. கட்டடங்களின் கேபிள் அறைகளில் ஏற்கெனவே சிஸ்கோ, நார்டெல், த்ரீகாம், எச்.பி. ஸ்விட்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. நேற்று முளைத்த கம்பெனியின் வைஃபைக்காக அவற்றைக் கழற்ற யார் சம்மதிப்பார்கள்? இந்த நெருக்கடிதான் தொழிலுக்குப் பெரிய நன்மை செய்தது.

அவர்கள் ஸ்விட்சைத் தொடவே இல்லை. அதன் மேல் சுரங்கம் அமைத்தார்கள். மடிக்கணினி அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமையும் ஆக்சஸ் பாயிண்ட் ஓர் ஐ.பி. பாக்கெட்டுக்குள் பொதிந்து கண்ட்ரோலருக்கு அனுப்பும். இடையில் இருக்கும் ஸ்விட்சின் கண்ணுக்குத் தெரிவது, ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்குப் போகும் சாதாரணப் போக்குவரத்து மட்டுமே. ஊழியர் வைஃபை எது, விருந்தினர் வைஃபை எது என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ஆக்சஸ் பாயிண்ட் செருகிய போர்ட்டுக்கு ஒரே ஒரு வி-லேன், அதாவது ஸ்விட்சுக்குள் பிரித்துவைக்கும் ஒரு தனி நெட்வொர்க், போதும். கண்ட்ரோலரின் போர்ட்டில்தான் எல்லா வி-லேன்களும், எது எந்த வி-லேன் என்று சொல்லும் டேக்கோடு வர வேண்டும். அந்த டேக் 1998-லேயே 802.1கியூ என்ற பொதுத் தரமாகிவிட்டதால் அதிலும் தகராறு இல்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை 2005-இல் தெரிந்தது. அதுவரை அல்காடெல், நார்டெல் இரண்டும் ஏர்ஸ்பேஸ் கருவிகளைத் தங்கள் பெயரில் விற்றுவந்தன. அந்த ஏர்ஸ்பேஸை 45 கோடி டாலருக்கு வாங்குவதாக அவர்களின் போட்டியாளரான சிஸ்கோ அறிவித்தது. அல்காடெல் அரூபாவிடமும், நார்டெல் டிரபீஸிடமும் போய்ச் சேர்ந்தன. கீழே இருந்த ஸ்விட்சை அசைக்காமல் மேலே இருந்த வைஃபையை மாற்ற முடிந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

மின்சாரத்தில் கதை அவ்வளவு சுமுகமாக இல்லை. கூரைக்கு ஏறும் நெட்வொர்க் கேபிளே மின்சாரத்தையும் கொண்டுபோனால் எலக்ட்ரீஷியன் செலவு மிச்சம். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரம் இதை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக்கியது. ஸ்விட்ச் முதலில் சிறிய மின்னழுத்தம் கொடுத்து, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் 48 வோல்ட் அளவில் மின்சாரம் விடும். ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. சிஸ்கோவின் ஏரோநெட் 1250 ஆக்சஸ் பாயிண்ட் 2007-இல் வந்தபோது இது போதவில்லை. அதன் இரண்டு ரேடியோக்களும் முழு வீச்சில் ஓட இன்னும் அதிகம் தேவைப்பட்டது. 30 வாட் தரும் 802.3ஏடி 2009-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சிஸ்கோ தன் ஸ்விட்சுகளில் தனக்கென்று ஒரு கூடுதல் மின்சார ஏற்பாட்டைச் செய்துகொண்டது; மற்றவர்களின் ஸ்விட்சில் மாட்டியவர்கள் கேபிளில் மின்சாரம் ஏற்றும் தனி இன்ஜெக்டரைத் தேட வேண்டியிருந்தது. எத்தனை வாட் வேண்டும் என்று கேட்கும் பேச்சும் சிஸ்கோவுக்கு மட்டும் உரிய சிடிபி என்ற நெறிமுறையில் நடந்தது. பொது நெறிமுறையான எல்எல்டிபியும் அந்தப் பேச்சைப் பேசத் தொடங்கிய பிறகே அந்தச் சிக்கல் தளர்ந்தது. வேறு நிறுவனத்தின் ஸ்விட்சில் எல்எல்டிபி ஓடுகிறதா என்று பார்ப்பது இன்றும் பொறியாளர்களின் முதல் வேலைகளில் ஒன்று.

ஆனால் ஒரு கதவு திறக்கவே இல்லை. ஒருவரின் ஆக்சஸ் பாயிண்ட் இன்னொருவரின் கண்ட்ரோலரோடு பேச வேண்டும் என்ற ஆசையில், இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். 2009 மார்ச்சில் காப்வாப் நெறிமுறையை ஆர்.எஃப்.சி. 5415 ஆக வெளியிட்டது. ஏர்ஸ்பேஸிலிருந்து வந்த பாட் கால்ஹூன், அரூபாவின் டோரதி ஸ்டான்லி இருவரும் அதன் தொகுப்பாளர்களில் இடம்பெற்றிருந்தார்கள். போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய ஆவணம் அது. சிஸ்கோ அதை எடுத்துக்கொண்டது. யுடிபி 5246, 5247 போர்ட்டுகள் அதிலிருந்து வந்தவை. இருந்தும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தச் சேர்க்கைகளைச் சேர்க்க, கலந்து வாங்கும் காலம் வரவில்லை. வாங்குபவர்களுக்கு இது பெரிய இழப்பு.

இதற்கிடையே சுரங்கமும் சுருங்கத் தொடங்கியது. கண்ட்ரோலர் தலைமை அலுவலகத்துக்கோ கிளவுடுக்கோ போனபின், பக்கத்து அறைப் பிரிண்டருக்கான தரவு அவ்வளவு தூரம் போய்த் திரும்புவது வீண். எனவே ஆக்சஸ் பாயிண்டே அதை உள்ளூர் ஸ்விட்சில் இறக்கிவிடும் முறை பரவியது. அதனால் எல்லா வி-லேன்களும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டின் போர்ட்டுக்கும் வர வேண்டியதாயிற்று. அதில் ஒன்று விடுபட்டாலும் அந்த வி-லேனில் இருப்பவருக்குச் சிக்கல்தான்: சிக்னல் முழுதாகக் காட்டும், கடவுச்சொல்லும் சரியாக இருக்கும், ஐ.பி. முகவரி மட்டும் கிடைக்காது.