கியர்ப் பெட்டிக்குள் ஒரு பித்தளை வளையம்

புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எண்ணுபவர் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்பார். கியரைக் கையால் மாற்றும் வண்டியா, தானே மாற்றிக்கொள்ளும் வண்டியா? கையால் மாற்றி ஓட்டுவதில்தான் இன்பம் என்பார் ஒரு நண்பர். "இவ்வளவு வலுவான என்ஜினை அந்தச் சிறிய பெட்டி எத்தனை நாள் தாங்கும்?" என்று அச்சுறுத்துவார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. எது எவ்வளவு உண்மை என்று அறிய வேண்டுமானால், நாம் சுமார் 130 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். கியர்ப் பெட்டி எப்படி உடைந்தது, எப்படி உடையாமல் இருக்கக் கற்றுக்கொண்டது என்பது சுவையான வரலாறு.

கியர் எதற்கு?

பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு குறை உண்டு. மெதுவாகச் சுழலும்போது அதற்கு வலுவில்லை. நிற்கும் வண்டியின் சக்கரத்தோடு அதை நேராகப் பூட்டினால் வண்டி நகராது, என்ஜின்தான் அணைந்துபோகும். ஆகவே என்ஜின் விரைவாகவும், சக்கரம் மெதுவாகவும் சுழலும்படி இடையில் ஓர் அமைப்பு வேண்டும். சிறிய பற்சக்கரம் ஒன்று பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்போது வேகம் குறைகிறது. அதே அளவுக்கு முறுக்கு விசை பெருகுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்ஜினின் முறுக்கு விசை 200 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். முதல் கியரில் அது மூன்றரை மடங்காகிறது. பின்னச்சிலுள்ள பற்சக்கரங்கள் அதை மீண்டும் நான்கு மடங்காக்குகின்றன. மொத்தத்தில் 14 மடங்கு! உராய்வால் இழப்பதை விட்டுவிட்டால், சக்கரங்களுக்கு 2,800 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. வண்டி வேகம் பிடித்தபின் இவ்வளவு விசை தேவையில்லை. அப்போது இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று மாற்றிக்கொண்டு போகலாம். இந்த மாற்றத்தில்தான் தொல்லை தொடங்கியது.

முரட்டு முறை

பிரான்சு நாட்டில் பான்ஹார்ட்-லெவாசோர் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் லெவாசோர், 1891ஆம் ஆண்டில் என்ஜினை வண்டியின் முன்புறம் வைத்தார். அதன் பின்னால் கிளட்ச், அதன் பின்னால் கியர், கடைசியில் பின் சக்கரங்கள் என்று வரிசைப்படுத்தினார். பிற்காலக் கார்களுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று. அவருடைய அமைப்பில் பற்சக்கரங்கள் தண்டின்மீது நகர்ந்து சென்று ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தொடக்கத்தில் அவற்றுக்குப் பெட்டிகூட இல்லை. சாலைப் புழுதியிலும் சேற்றிலும் அவை திறந்தபடியே சுழன்றன.

வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பற்சக்கரங்களை ஒன்றோடொன்று தள்ளினால் என்ன ஆகும்? பற்கள் பற்களோடு மோதும், கரகரவென்று ஓலமிடும், முனைகள் சிதையும். இந்த முறை முரட்டுத்தனமானதுதான், ஆனாலும் வேலை செய்கிறது என்று லெவாசோரே கூறியதாகச் சொல்வார்கள். வேலை செய்தது உண்மைதான். 1895ஆம் ஆண்டு பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் போட்டியில் சுமார் 1,180 கிலோமீட்டர் தூரத்தை அவர் 48 மணி 48 நிமிடத்தில் கடந்து முதலாவதாக வந்து சேர்ந்தார்.

அந்த வெற்றிக்கு லெவாசோரின் கைப்பழக்கமும் ஒரு காரணம். அக்கால ஓட்டுநர்கள் கியர் மாற்றும் முறை ஒரு வித்தையாகவே இருந்தது. கிளட்சை மிதித்து முதலில் கியரை நடுநிலைக்குக் கொண்டுவரவேண்டும். பின்பு கிளட்சை விட்டு, கீழ்க் கியருக்கு இறங்குவதானால் ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தி, என்ஜினின் வேகத்தை உயர்த்தவேண்டும். மேல் கியருக்கு ஏறுவதானால் வேகம் தணியும்வரை காத்திருக்கவேண்டும். இரு பற்சக்கரங்களின் வேகமும் ஒத்துப்போகும் கணத்தில் மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போடவேண்டும். இதற்கு இரட்டைக் கிளட்ச் முறை என்று பெயர். அந்தக் கணத்தைக் காட்ட எந்தக் கருவியும் இல்லை, காதுதான் கருவி. காது தவறினால் பல் போகும். அதாவது, அன்று கியர்ப் பெட்டியின் ஆயுள் முழுவதும் ஓட்டுபவர் கையில்தான் இருந்தது.

தாம்சனின் கூம்பு

இந்த நிலையை மாற்ற இரண்டு கருத்துகள் தேவைப்பட்டன. முதலாவது, பற்சக்கரங்களைப் பிரிக்காமல் எப்போதும் கோத்தபடியே வைப்பது. ஒவ்வொரு இணையிலும் ஒரு சக்கரம் தன் தண்டின்மீது தளர்வாகச் சுழன்றுகொண்டிருக்கும். நமக்கு எந்தக் கியர் வேண்டுமோ, அந்தச் சக்கரத்தை மட்டும் நகரும் உறை ஒன்று தண்டோடு பூட்டிவிடும். இதனால் பெருவிசையைத் தாங்கும் முக்கியப் பற்கள் மோதலிலிருந்து தப்பின. மோதல் முழுவதும் உறைக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள சிறிய பிடிபற்களின் பங்காயிற்று.

இரண்டாவது கருத்து, அந்த மோதலையும் ஒழிப்பது. இதைச் செய்தவர் அமெரிக்கப் பொறியாளர் எர்ல் தாம்சன். அவருடைய அமைப்பு 1928ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வெளிவந்தது. அதற்கு 'சிங்க்ரோமெஷ்' என்று பெயர். வேகங்களை ஒத்திசைத்துப் பூட்டும் அமைப்பு என்று நாம் சொல்லலாம்.

பிற்காலத்தில் தடுப்புப் பற்களும் சேர்ந்து, இன்று பெருவழக்காக உள்ள வடிவில் அது இவ்வாறு இயங்குகிறது. உறைக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே பித்தளை வளையம் ஒன்று இருக்கிறது. அதன் உட்புறம் கூம்பு வடிவானது. பற்சக்கரத்தின் பக்கத்திலும் அதற்குப் பொருத்தமான எஃகுக் கூம்பு உண்டு. கியர்த் தடியைத் தள்ளியதும் முதலில் வளையம் கூம்பின்மேல் அழுந்துகிறது. உராய்வினால் பற்சக்கரத்தின் வேகம் உறையின் வேகத்துக்கு வருகிறது. அதுவரை வளையத்தின் ஓரத்திலுள்ள தடுப்புப் பற்கள் உறைக்கு வழிவிடுவதில்லை. வேகங்கள் ஒன்றானதும் வளையம் சற்றே திரும்புகிறது, வழி திறக்கிறது, உறை ஓசையின்றிப் போய்ப் பூட்டிக்கொள்கிறது. முன்பு காது செய்த வேலையை இப்போது வளையம் செய்கிறது.

தாம்சனின் வரலாற்றில் ஒரு வியப்பும் உண்டு. கையால் கியர் மாற்றுவதை எளிதாக்கிய அதே மனிதர், பின்னர் கையே தேவைப்படாத கியர்ப் பெட்டியை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை தாங்கினார். 'ஹைட்ரா-மாட்டிக்' என்ற அந்தத் தானியங்கிப் பெட்டி 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்த தேர்வு

குடும்பக் காருக்கு இந்த வளையம் போதுமானதாக இருந்தது. ஸ்போர்ட்ஸ் கார்தான் அதைக் கடுமையான தேர்வுக்கு உட்படுத்தியது. ஏன் என்று பாருங்கள்.

என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் சுழலும்போது ஒருவர் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றுகிறார். இரண்டாம் கியரின் விகிதம் 2, மூன்றாவதன் விகிதம் 1.5 என்று கொள்வோம். மாற்றியபின் வேகம் 4,500 ஆகவேண்டும். 1,500 சுற்று வேறுபாட்டையும் கண்ணிமைக்கும் நேரத்தில் வளையம் விழுங்கியாக வேண்டும். வேறொருவர் அதே மாற்றத்தை 3,000 சுற்றில் செய்கிறார். இப்போது வேறுபாடு 750 மட்டுமே. வேறுபாடு பாதியானதால் வளையத்தில் உண்டாகும் வெப்பமும் பாதியாகும் என்று நினைத்துவிடக் கூடாது. சுழல் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே வெப்பம் கால்பங்காகிறது! ஒரே வண்டி ஒருவரிடம் நெடுங்காலம் உழைப்பதற்கும், மற்றொருவரிடம் விரைவில் முரண்டு பிடிப்பதற்கும் இந்த இருமடிக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் வேறு வழி கண்டது. ஓரிடத்தில் வெட்டுப்பட்ட எஃகு வளையம் உராயும்போது தானே விரிந்து மேலும் இறுகப் பிடிக்கும்படி அமைத்தது. 1952இல் அதன் 356 வகைக் காரின் நான்கு முன் கியர்களுக்கும் இது பொருத்தப்பட்டது. அக்காலத்தில் இது பெரிய சாதனை. 1961இல் வெளிவந்து உலகையே மயக்கிய ஜாகுவார் இ-டைப் காரில்கூட முதல் கியருக்கு ஒத்திசைவு இல்லை. 1964இல் 4.2 லிட்டர் என்ஜினோடு புதிய பெட்டி வந்தபோதுதான் அக்குறை தீர்ந்தது. பிரிட்டனின் எம்.ஜி.பி. கார் 1967 வரை காத்திருந்தது. ஆயினும் பெட்டியின் வரலாற்றில் யாருடைய வெற்றியும் நிலையானதன்று. 1987ஆம் ஆண்டு மாதிரி 911 கார்களில் போர்ஷே தன் சொந்த வளையத்தைக் கைவிட்டு, கூம்பு வளையத்துக்கே வந்து சேர்ந்தது.

இன்று வலுமிக்க கார்களின் கீழ்க் கியர்களில் ஒரு கூம்புக்குப் பதில் இரண்டு, மூன்று கூம்புகளை அடுக்கி வைக்கிறார்கள். உராயும் பரப்பு கூடுவதால் ஒவ்வொன்றின் சுமையும் குறைகிறது. 2008இன் இறுதியில் அறிமுகமான நிசான் 370இசட் காரில் இன்னொரு புதுமை வந்தது. கியரை மாற்றும்போது கணினியே என்ஜின் வேகத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பழைய ஓட்டுநர் காதால் அறிந்து காலால் செய்த வித்தையை இயந்திரம் கற்றுக்கொண்டது!

கைக்கு விடை கொடுத்த காலம்

1989இல் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா ஒன் பந்தயக் கார், ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னாலுள்ள இரு நெம்புகளால் கியர் மாற்றும் முறையோடு களமிறங்கியது. பிரேசிலில் தன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் ஓட்ட, வென்றும்விட்டது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அது அடிக்கடி பழுதாகி நின்றது. புதுமை வேறு, நம்பகம் வேறு என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. 2003இல் வோக்ஸ்வாகன், இரு கிளட்சுகள் கொண்ட பெட்டியைச் சாலைக் கார்களில் கொண்டுவந்தது. மனிதக் கையைவிட விரைவாக அது கியர் மாற்றியது.

இதன்பின் கைக்கியர் மறைந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். 2013இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 காரில் அது இல்லவே இல்லை. வாங்குவோர் ஏமாற்றம் தெரிவித்தனர். 2016இல் 991 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்ட 911 ஆர் கைக்கியரோடு வந்தது. 2017இல் ஜிடி3 காருக்கும் அது திரும்பியது. தானியங்கியாக மட்டும் 2019இல் வந்த டொயோட்டா சுப்ராவும் 2022இல் கைக்கியரைப் பெற்றது.

வாங்குபவர் அறியவேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. புது வண்டியின் கைக்கியர்ப் பெட்டி பொதுவாக உறுதியானதே. முக்கியப் பற்கள் எளிதில் உடைவதில்லை. தேய்வதற்கென்றே உள்ளவை கிளட்ச் தட்டும் ஒத்திசைவு வளையமும்தான். ஆகவே அவற்றைப் பற்றியே விசாரிக்கவேண்டும்.

பெட்டி எவ்வளவு முறுக்கு விசைக்கு வடிவமைக்கப்பட்டது என்று கேளுங்கள். குதிரைத்திறன் விளம்பரத்துக்கு அழகு. பற்களை வருத்துவது முறுக்கு விசையே. பின்னாளில் என்ஜினின் வலுவைக் கூட்டிக்கொள்ள எண்ணுபவர் இதை மறக்கக் கூடாது. ஓட்டிப் பார்க்கும்போது வண்டி குளிர்ந்த நிலையிலேயே தொடங்குங்கள். எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது வளையம் அந்தப் படலத்தை விலக்கிக் கூம்பைப் பிடிப்பது கடினம். முதல் சில நிமிடம் சற்று இறுக்கம் இருப்பது இயல்பு; சூடான பின்னும் கரகரப்புக் கேட்டால் அது குறை. உத்தரவாதப் பத்திரத்தையும் படியுங்கள். கிளட்ச் தட்டு தேயும் பொருள் என்று விலக்கப்பட்டிருப்பது வழக்கம்.

எண்ணெயில் கவனம் மிகவும் தேவை. பின்னச்சுக்கென்று செய்யப்பட்ட சில எண்ணெய்களில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்க்கைகள் மிகுதி. அவை எஃகுப் பற்களைக் காக்கும். ஆனால் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். வழுவழுப்பு அளவுக்கு மீறினாலும் வளையத்துக்குப் பிடிப்பு இராது. உயர்ந்த விலை எண்ணெய் என்பதைவிட, கையேட்டில் குறித்த எண்ணெய் என்பதே முக்கியம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மேல் கியருக்கு ஏற்றுவதாக எண்ணி, தவறுதலாகக் கீழ்க் கியரைப் போட்டுவிட்டால் வளையம் அதைத் தடுக்காது. தன் கடமைப்படி வேகத்தை ஒத்திசைத்துப் பூட்டிவிடும். கிளட்சை விட்டதும் என்ஜின் தாங்கமுடியாத வேகத்துக்கு இழுக்கப்படும். வளையத்துக்கு வேகம் தெரியும். நம் எண்ணம் தெரியாது.

லெவாசோர் காலத்தில் கை தவறினால் உடனே ஓசை கேட்டது, பல் உடைந்தது. இன்று நம் அவசரத்தை ஒரு பித்தளை வளையம் ஓசையின்றித் தாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் சிறிது தேய்கிறது. காரில் எத்தனையோ உறுப்புகள் தொழிற்சாலையிலேயே முழுமை பெற்றுவிடுகின்றன. கைக்கியர்ப் பெட்டி அப்படியன்று. அதன் கடைசி உறுப்பு ஓட்டுபவரின் கை. பெட்டியை ஆராய்ந்து வாங்குபவர், அந்தக் கையையும் ஒருமுறை ஆராய்ந்துகொள்வது நல்லதல்லவா?